அடிவானத்தில் தவறும் கணக்கு

நண்பகலில் கண்கூசச் செய்த கதிரவன், மாலையில் தெள்ளாரின் மேற்கே செந்நிறமுற்று மங்குதலை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வேளையில் அதன் ஒளி மிகுந்த காற்றைக் கடந்து வருவதே காரணம். எத்துணை மிகுதி?

வாயுமண்டலத்தை, ஆரணிப் பட்டுச் சேலையின் மடிப்புகள்போல், தட்டையான அடுக்குகளாகக் கொள்வது வழக்கம். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர் 1950-இல் வெளியிட்ட கதிர்வீச்சு நூலும் பெரும்பாலும் இவ்வடிப்படையதே. இம்முறையில், உச்சியினின்று சாயும் கோணத்தின் கொசைனால் ஒன்றை வகுக்க விடை வரும். 60 பாகைக்கு இரு மடங்கு, இது சரியே. 85 பாகைக்கு 11.5 என வரும்; உண்மையோ ஏறத்தாழ 10.3. 90 பாகையில் கொசைன் சுழியாதலின் விடை முடிவிலியாம். உண்மையோ ஏறத்தாழ 38 மடங்கே. முடிவிலாக் காற்றைக் கடந்து ஒளி வருமோ? ஆயினும் மறையும் கதிரவன் தெரிகின்றதன்றோ?

புவி உருண்டையாதலின், கதிர் மேலடுக்குகளை அத்துணைச் சாய்வாகக் கடப்பதில்லை. ஆதலின், மாணாக்கர்களே, விடை பிறழக் கண்டால், கோணம் உச்சியினின்று அளக்கப்பட்டதா, அடிவானத்தினின்றா என முதலில் நோக்குக. அது சரியாயின், புவியின் வளைவைக் கணக்கிற் சேர்க்க. அடிவானத்திற் கதிரவனை ஏறத்தாழ அரைப்பாகை உயர்த்திக் காட்டும் ஒளிவிலகலையும் மறவற்க. சூத்திரத்தைக் கற்பவர் அதன் எல்லையையும் உடன் கற்றல் வேண்டும்.