தொழிலுக்குப் பெயர்: போட்டித் தளமா? நிபுணரா?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் வீட்டிலிருந்தே சிறு தொழில் தொடங்க விரும்பும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "குறைந்த செலவில் பெயர் வைத்துத் தரும் தளங்கள் இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா? அல்லது இதற்கென உள்ள நிபுணரிடம் போகலாமா?" இரண்டும் எப்படிச் செயல்படுகின்றன என்று தெரிந்து கொண்டால் முடிவெடுப்பது எளிது.

போட்டித் தளங்கள்: ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்காமல், இன்டர்நெட் வழியாகப் பலர் முன் வைத்து முடித்துக் கொள்வதை க்ரவுட்சோர்ஸிங் என்பார்கள். 2006ல் அமெரிக்காவின் வயர்ட் இதழில் ஜெஃப் ஹவ் எழுதிய கட்டுரையால் இந்தச் சொல் பரவியது. 2008ல் தொடங்கிய க்ரவுட்ஸ்பிரிங், முன்பு ஸ்குவாட்ஹெல்ப் என்று இருந்து 2024ல் தன் பெயரையே மாற்றிக் கொண்ட ஆட்டம் ஆகியவை இத்தகைய தளங்கள்.

உங்கள் தொழில் பற்றிய குறிப்பை எழுதிப் பரிசுத் தொகையைக் கட்டினால், பல நாடுகளிலிருந்தும் பெயர்கள் வந்து குவியும். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு சில நூறு டாலர்கள். ஆனால் பரிசு பெறுபவர் ஒருவர்தான். மற்றவர்களின் உழைப்புக்குப் பலன் இல்லை. எனவே ஒரு பெயருக்காக யாரும் அதிக நேரம் செலவிட மாட்டார்கள். அந்தப் பெயர் இந்தியாவில் ஏற்கனவே வேறு யாருக்காவது சொந்தமா என்று தேடிப் பார்ப்பார்கள் என எதிர்பார்க்கவும் முடியாது.

நிபுணர்கள்: கம்ப்யூட்டர் உலகிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் தன் சிப்களுக்கு 286, 386, 486 என எண்களையே பெயராக வைத்து வந்தது. ஏஎம்டி நிறுவனமும் 386 என்ற எண்ணைப் பயன்படுத்தியபோது இன்டெல் கோர்ட்டுக்குப் போனது. 386 என்பதை இன்டெல் தனக்கு மட்டும் உரிய வணிகச் சின்னமாகக் கொண்டாட முடியாது என்று 1991ல் தீர்ப்பு வந்தது. அடுத்த சிப்புக்கு லெக்சிகன் பிராண்டிங் என்ற பெயர் சூட்டும் நிறுவனம் தந்த பெயர்தான் பென்டியம். ஐந்து என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து உருவானது. 1993ல் சந்தைக்கு வந்தது.

இங்கே இன்டெல் விலைக்கு வாங்கியது வெறும் ஒரு சொல்லை அல்ல. பிறர் எடுத்துக் கொள்ள முடியாத ஒரு சொல்லை. நிபுணர்கள் நிறையப் பெயர்களை உருவாக்கி, உச்சரிப்பு, பிற மொழிகளில் பொருள், சட்டச் சிக்கல் என்று பார்த்துப் பெரும்பாலானவற்றைக் கழித்து விடுவார்கள். அந்தக் கழிக்கும் வேலைக்குத்தான் கட்டணம். பெரிய நிறுவனங்கள் பல ஆயிரம் டாலர் கேட்கும்.

நீங்கள் எதைத் தேர்வு செய்யலாம்?: வீட்டில் மசாலாப் பொடி தயாரித்து விற்பவருக்கு நிபுணர் தேவையில்லை என்பது என் கருத்து. போட்டித் தளமோ, குடும்பத்தாரின் யோசனையோ போதும். பல மாநிலங்களில் விற்பனை, பெரிய விளம்பரச் செலவு என்று திட்டமிருந்தால் நிபுணரிடம் செல்லலாம். எந்த வழியில் பெயர் கிடைத்தாலும் கீழ்க்கண்ட சோதனைகளை நீங்களே செய்திடுங்கள். இல்லாவிட்டால் பாக்கெட், பில் புத்தகம், போர்டு எல்லாம் அடித்து, வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அச்சுச் செலவைவிட, வாடிக்கையாளர் மனதில் பதிந்த பெயரை இழப்பதுதான் பெரிய நஷ்டம்.

1. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். ழ வரும் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக டைப் செய்வார்கள். தேடுபவருக்கு உங்கள் கடை கிடைக்காது. வெளிநாட்டுப் போட்டியாளருக்கு இது தெரியாது.

2. மத்திய அரசின் ஐ.பி. இந்தியா தளத்தில் டிரேட்மார்க் தேடும் வசதி இலவசம். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடி 30வது வகுப்பு; ஊறுகாய் 29வது வகுப்பு. எழுத்துப்படி தேடியபின், ஒலிப்படி தேடும் பிரிவிலும் தேடவும். எழுத்து மாறி ஒலி ஒன்றாக இருந்தாலும் சிக்கல்தான்.

3. பொருளை அப்படியே சொல்லும் பெயரைத் தவிருங்கள். மிளகாய்ப் பொடிக்கு "காரப்பொடி" என்று பெயரிட்டால் அதைப் பதிவு செய்வது கடினம்.

4. இணையதள முகவரி காலியாக உள்ளதா என்று பாருங்கள். ஆனால் முகவரியை வாங்கிவிட்டதாலேயே டிரேட்மார்க் உரிமை வந்துவிடாது.

5. போட்டித் தளத்தில் பணம் கட்டும் முன், பெயரின் உரிமை முழுவதும் உங்களுக்கு மாற்றித் தரப்படுமா என விதிமுறைகளில் படித்துக் கொள்ளுங்கள். பெயர்களைச் சோதித்துத் தருவதாகச் சொன்னால், இந்தியப் பதிவேட்டையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

தனி நபர் ஆன்லைனில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு ரூ.4,500 கட்டணம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். பெயருக்குச் செலவு செய்யக் கொஞ்சம் பணம்தான் கையில் இருக்கிறது என்றால், அதை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். மிஞ்சியதைக் கொண்டு போட்டியா, நிபுணரா என்று முடிவு செய்யலாம்.