வரிசையில் நிற்பவருக்குக் காரணம் தெரியட்டும்

ஜாதவ்பூரில் கிளஸ்டர் நிர்வாகம் பார்க்க வந்திருக்கும் தம்பிக்கும், அடுத்து வரப்போகும் தங்கைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளின் கையேட்டில் உள்ளதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. யாரை முன்னே விடுவது, யாரை நிறுத்திவைப்பது என்று முடிவுசெய்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அதற்குக் கையேட்டில் அத்தியாயம் கிடையாது.

1. முதல் மாதம் ஸ்லர்ம்.கான்ஃப் கோப்பைப் படி, கை வைக்காதே. யார் என்ன ஜாப் போடுகிறார்கள் என்று பார். ராஜா எஸ்.சி. மல்லிக் சாலை ஒன்றிலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம், மத்திய கண்ணாடி பீங்கான் ஆய்வு நிறுவனம், இந்திய வேதி உயிரியல் நிறுவனம் நான்கும் இருக்கின்றன. (நம் திருச்சிக்காரர் ராமன் 1928இல் ராமன் விளைவைக் கண்டது அந்தக் கழகத்தில்தான். ஆனால் அப்போது அது பௌபஜாரில் இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஜாதவ்பூர்க் கட்டடத்தைக் காட்டிக் கதை விடாதே.) இப்படிப்பட்ட சாலையில் எத்தனை விதமான ஆய்வோ அத்தனை விதமான ஜாப். வேதியியல்காரருக்கு நான்கு நோடு, இரண்டு நாள் வேண்டும். மரபணு வரிசை பார்ப்பவருக்குப் பத்து நிமிட ஜாப் ஐயாயிரம் ஓட வேண்டும். காற்றோட்டம் கணக்கிடும் பொறியாளருக்குப் பதினாறு நோடும் ஒரே நேரத்தில் கிடைத்தாக வேண்டும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் 144 கணினிகளைப் பிணைத்துக் கப்ரு என்ற கிளஸ்டரை அமைத்தார்கள். அதன் முதன்மை வேலை துகள் இயற்பியலின் லாட்டிஸ் கணக்கு. ஒரே துறை ஓட்டும் இயந்திரத்துக்கு வரிசை அமைப்பது சுலபம். உனக்கு வாய்த்தது அப்படிப்பட்ட இயந்திரம் அல்ல.

2. பார்ட்டிஷன்களைக் குறைவாக வை. ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒன்று கேட்கும். கொடுத்தால் இயற்பியல் வரிசையில் நாற்பது ஜாப் நிற்கும்போது இயந்திரவியல் நோடுகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். குறுகியது, வழக்கமானது, ஜிபியு என்று மூன்று போதும். மற்ற வரம்புகளை க்யூஓஎஸ் மூலம் போடு.

3. காலக்கெடுதான் உயிர். எதை மறந்தாலும் இதை மறக்காதே.

ஜாப் எவ்வளவு நேரம் ஓடும் என்று போடுகிறவர் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால்? நீயும் டிஃபால்ட்டைம் நிரப்பாமல் விட்டிருந்தால், அந்தப் பார்ட்டிஷனின் உச்ச வரம்பையே ஸ்லர்ம் எடுத்துக்கொள்ளும். இருபது நிமிட வேலை மூன்று நாள் வேலையாக வேஷம் போட்டு நிற்கும். டிஃபால்ட்டைமை ஒரு மணி நேரமாக வை. கொஞ்ச நாள் திட்டு வாங்குவாய். பிறகு எல்லோரும் நேரம் எழுதப் பழகிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பேக்ஃபில் முழுக்க அந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள். சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் ஒன்றாக உட்காரக் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு இலை காலி; மற்றவர்கள் எழுந்திருக்கக் கால் மணி ஆகும். அதற்குள் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டு எழுகிற இருவரை உட்கார வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உட்கார்ந்தபின் அவர்கள் பாயசம் கேட்டால் ஸ்லர்ம் இலையோடு தூக்கிவிடும். பெரிய ஜாப் தொடங்கும் நேரம் தள்ளிப்போகாமல் சின்ன ஜாபை நுழைக்கிற இந்த வழியை 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் எஸ்பி இயந்திரத்துக்காக எழுதினார்கள். ஈஸி என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. எவ்வளவு தூரம் முன்னே பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதை பிஎஃப்_விண்டோ சொல்கிறது. நீ எதுவும் எழுதாவிட்டால் அது 1440 நிமிடம், அதாவது ஒரே நாள். உன் உச்ச வரம்பு மூன்று நாள் என்றால் அதை 4320 ஆக்கு. இல்லாவிட்டால் ஒரு நாளுக்கு அப்பால்தான் தொடங்க முடியும் என்றிருக்கும் பதினாறு நோடு ஜாபுக்கு யாரும் இடம் பிடித்துவைக்க மாட்டார்கள். சின்னவை நுழைந்துகொண்டே இருக்கும், பெரியது பட்டினி கிடக்கும். அந்தப் பொறியாளர் உன்னிடம் வந்து கத்தும்போது கோப்பில் தப்பாக எந்த வரியும் இருக்காது. எழுதாமல் விட்ட வரியைத்தான் தேட வேண்டும்.

4. கோரைப் போலவே மெமரியையும் கணக்கில் எடு. சிஆர்_கோர் என்று மட்டும் எழுதினால், மெமரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமலே ஸ்லர்ம் ஜாப்களை நோடில் அடுக்கும். ஒருவருடைய பேராசைக்குப் பக்கத்து ஜாப் சாகும். சிஆர்_கோர்_மெமரி என்று எழுது, டெஃப்மெம்பெர்சிபியு நிரப்பு, சிகுரூப் வழியே வரம்பைக் கட்டாயமாக்கு.

5. நியாயப் பங்கு. இங்கேதான் கணினி முடிந்து ஊர் தொடங்குகிறது.

ஃபேர்ஷேர் பழைய பயன்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். தானாக அமைந்திருக்கும் அரைவாழ்வு 7 நாள். இந்த வாரம் தின்றது அடுத்த வாரம் பாதியாகத்தான் எண்ணப்படும். மாதம் முழுக்க இயந்திரத்தை வளைத்துப்போட்ட குழு இரண்டு வாரம் ஓய்ந்திருந்துவிட்டு ஏறக்குறைய நல்ல பிள்ளையாகத் திரும்பிவிடலாம். ஆய்வேடு, மாநாடு என்று அலை அலையாக வேலை வரும் இடத்துக்கு 14 நாள் பொருந்தும் என்பது என் எண்ணம். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு. எதுவானாலும் நீயாக முடிவெடுக்காதே. பயனர் குழுவைக் கூட்டி, எண்ணைச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு.

தன் திட்டப் பணத்தில் நோடு வாங்கிய பேராசிரியர் அதை யாரும் தொடக்கூடாது என்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நோடு சும்மா கிடப்பதில் இல்லை. அதே நோடுகளின் மேல் அவருக்கு உயர்ந்த பிரையாரிட்டிடியர் உள்ள பார்ட்டிஷன் ஒன்றும், மற்றவர்களுக்குத் தாழ்ந்தது ஒன்றும் போடு. ப்ரீஎம்ப்ஷனை ரீக்யூ முறையில் இயக்கிவைத்தால், அவர் ஜாப் வந்த உடனே மற்றவருடையது ரீக்யூ ஆகிப் பின்னே போகும். இதை அவர் கண்முன் ஒருமுறை ஓட்டிக் காட்டு. வாய்வார்த்தையை நம்ப மாட்டார், நம்பவும் வேண்டியதில்லை.

இன்னொன்று. "தாதா, ஏக்டு தேக்பேன்?" என்று மண்குவளைத் தேநீரோடு ஒருவர் வருவார். கொஞ்சம் பார்க்கச் சொல்கிறார் என்று பொருள். தன் ஜாபை முன்னே தள்ளச் சொல்கிறார் என்று அர்த்தம். தேநீரைக் குடி. எஸ்கண்ட்ரோலால் கையோடு முன்னுரிமை ஏற்றாதே. ஏற்றினால் மாலைக்குள் சாலை முழுக்கத் தெரிந்துவிடும்.

6. ஐயாயிரம் ஜாப் போடுகிறவரை அர்ரேக்குத் திருப்பு. அதிலும் ஒரே நேரத்தில் ஐம்பதுக்கு மேல் ஓடாதபடி சதவீதக் குறியிட்டு எண் எழுதச் சொல். மேக்ஸ்அர்ரேசைஸ் தானாக 1001. குறியெண் ஆயிரத்தோடு நின்றுவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடு. பூஜை விடுமுறைக்குச் சென்னை மெயில் ஏறும் பிள்ளைகள் ஹவுராவில் கால் வைப்பதற்கு முன் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார்கள். வங்காளிப் பிள்ளைகளும் அதையேதான் செய்வார்கள். தவறில்லை. விடுமுறையில் இயந்திரம் ஓடட்டும்.

7. லாகின் நோடில் கணக்கு ஓட்டுகிறவரை முதல் தடவை அன்பாக எச்சரி. இரண்டாம் தடவை கொல். ஆளை அல்ல, ப்ராசஸை.

8. எல்லா நோடுகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடட்டும். மஞ்ச் தரும் அடையாளச் சீட்டு 300 நொடிதான் செல்லும். ஒரு நோடின் கடிகாரம் அதற்கு மேல் பிசகினால் அது காரணம் புரியாமல் காணாமல் போகும்.

9. ஜாப் ஏன் நிற்கிறது என்பதைப் போட்டவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். 1966இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐஎஸ்ஐஜேயு என்ற டிரான்சிஸ்டர் கணினியைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயக்கிவைத்தன. அந்தக் காலத்துக் கணினி மையங்களில், பிறகு 1973இல் ஐபிஎம் 370 வந்த சென்னை ஐஐடியிலும், வரிசை என்றால் ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆபரேட்டர். துளையட்டைக் கட்டைக் கொடுத்தவர் ஏன் தாமதம் என்று அவரையே கேட்கலாம். இப்போது எஸ்க்யூவின் கடைசிப் பத்திதான் அந்த ஆபரேட்டர். "ரிசோர்சஸ்" என்றிருந்தால் அடுத்த முறை உன்னுடையது, இடம் காலியாக வேண்டும். "பிரையாரிட்டி" என்றால் உனக்கு முன்னே ஆள் இருக்கிறது. க்யூஓஎஸ் என்று தொடங்கினால் உன் வரம்பை நீயே தொட்டுவிட்டாய். இந்த மூன்றையும் வங்காள மொழியில் ஒரு தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டு. உன் தொலைபேசிக்குப் பாதி வேலை குறையும். காரணம் தெரிந்தவர் இரண்டு நாள் பொறுப்பார். தெரியாதவர் அரை மணியில் சந்தேகப்படத் தொடங்குவார், அதுவும் உன்னை.

10. சித்திரை, வைகாசியில் மாலை வேளைகளில் கால்பைஷாகி என்ற இடிப்புயல் அடிக்கும். மின்சாரம் போனால் யுபிஎஸ் கணினிகளைத் தாங்கும்; ஏசியைத் தாங்குமா என்று இன்றே போய்ப் பார். தாங்காது என்றால் அறை சூடேறுவதைக் கண்டு நோடுகளை ட்ரெயின் நிலைக்கு மாற்றி ஒழுங்காக அணைக்கும் ஸ்கிரிப்டை எழுதிவை. காலக்கெடு முடிந்த ஜாபுக்கு முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சிக்னல் போகும். 30 நொடி கழித்துக் கழுத்தறுப்பு. அந்த 30 நொடியில் பெரிய கோப்பு எழுதி முடியாது. பத்து நிமிடம் முன்பே எச்சரிக்கை கேட்டு வாங்குகிற வழியையும், நடுநடுவே செக்பாயின்ட் எழுதுவதையும் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடு.

11. ஸ்லர்ம்.கான்ஃப் எல்லா நோடிலும் ஒரே பிரதியாக இருக்கட்டும். மாற்றங்களை கிட்டில் வை. சில மாற்றங்களுக்கு எஸ்கண்ட்ரோல் ரீகான்ஃபிகர் போதும், சிலவற்றுக்கு டீமனையே நிறுத்தித் தொடங்க வேண்டும். செலக்ட்டைப்பை மாற்றினால் ஓடுவது, நிற்பது எல்லா ஜாப் விவரமும் அழிந்துபோகலாம். அதனால் பராமரிப்புக்கு ரிசர்வேஷன் போட்டு, வரிசை காலியான பிறகு தொடு. உச்ச வரம்பு மூன்று நாள் என்றால் ரிசர்வேஷனை அதற்கும் முன்னாலேயே போட்டு அறிவித்துவிடு. செவ்வாய், புதன் காலை உத்தமம். வெள்ளி மாலை வேண்டாம். துர்கா பூஜையில் சப்தமி முதல் தசமி வரை கோப்பைத் திறக்கவே திறக்காதே. உதவிக்குக் கூப்பிட்டால் இந்த ஊரில் ஒருவர்கூட எடுக்க மாட்டார்.