பிறர் பொருட்டு முடிவு செய்தல்

நமக்கென முடிவு செய்வது ஒன்று; நம்மை நம்பி வாழும் பிள்ளைக்காக முடிவு செய்வது வேறொன்று. முன்னதில் பிழை நேர்ந்தால் நாமே அனுபவிக்கிறோம். பின்னதில் பிழை நமது. துன்பம் வேறோர் உயிருக்கு. இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியால் ஆராய்வோம்.

நிகழ்ச்சி

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கிற்று. ஊசியால் தீங்கு வருமென வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் தயங்கவே, பிப்ரவரியில் முடியவேண்டிய பணி மார்ச் மாதத்திற்கும் நீண்டது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த நம் சங்கராபுரத்திலும் அத்தயக்கம் இருந்தது.

நம் தெருவில் ஒரு தாய் வந்து, "ஊசி போட்டு மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நானே செய்த பாவம் ஆகாதா, டீச்சரம்மா?" என்று கேட்டார். "பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். நாம் கூறியது அறிவுரையன்று, பழிக்கு அஞ்சி ஒதுங்கியதே என்பது இரவில்தான் விளங்கிற்று.

ஆராய்ச்சி

இலானா ரிடோவ், ஜோனதன் பேரன் என்னும் இரு அறிஞர்கள் 1990-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரு நோயால் 10,000 பிள்ளைகளில் 10 பேர் இறப்பர். தடுப்பூசி அந்நோயைத் தடுக்கும், ஆனால் அதுவே சிலரைக் கொல்லக்கூடும் என்பது கற்பனைக் கணக்கு. ஊசியால் இறப்போர் 10 பேருக்கு மிகக் குறைவாக இருந்தாலும் பலர் அதனை ஏற்கவில்லை. செய்ததால் வரும் தீங்கைத் தம் பழியென்றும், செய்யாமையால் வரும் தீங்கை விதியென்றும் மனம் பிரித்துவிடுகிறது.

2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தமக்கென முடிவு செய்தவர்களைவிட, தம்மை மருத்துவராகக் கருதி நோயாளிக்காக முடிவு செய்தவர்களே தடுப்பூசியை மிகுதியாகத் தேர்ந்தனர். நிற்கும் இடம் மாறினால் நிறுக்கும் தராசும் மாறுகிறது.

உண்மைக் கணக்கு யாது? தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது. ஊசியால் கடும் ஒவ்வாமை நேர்வது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஒருவருக்கே. கருவுற்ற தொடக்கத்தில் ரூபெல்லா தாக்கினால் குழந்தை கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறை ஆகியவற்றுடன் பிறக்கக்கூடும். மறுநாள் அத்தாயின் இல்லம் சென்று, முதல்நாள் கூறியது தவறென ஒப்புக்கொண்டு இவற்றை விளக்கினோம். மகளுக்கு ஊசி போடப்பட்டது.

படிப்பினை

பிறர்க்காக முடிவு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுப்புவோமாக:

1. செய்வதால் வரும் இடரோடு செய்யாமையால் வரும் இடரையும் எண்ணினோமா?
2. நாம் அஞ்சுவது அவ்வுயிரின் துன்பத்திற்கா, நமக்கு வரும் பழிக்கா?
3. அப்பிள்ளை வளர்ந்து காரணம் கேட்டால் தயங்காது கூற இயலுமா?

கவனமின்மையால் உயிர்க்கு ஊறு நேர்தலும் இம்சையே எனக் கற்றவர்கள் நாம். கைகட்டி நிற்பதும் ஒரு முடிவே என்பதை மறவாதிருப்போம்.