கியர் விழாத டிராக்டர்: குறை காணும் முறை

உழவுக்கேற்ற ஈரம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. வாய்க்காலில் நீர் வந்து, நாற்றும் பருவமெய்திய பின்னர் டிராக்டர் நின்றுவிட்டால் நடவு பிந்துகிறது. சொந்த டிராக்டர் உடையோர் சிலரே. வாடகைக்கு அமர்த்தி உழுவோரே மிகப் பலர். ஆகவே ஓர் இயந்திரம் நிற்கும்போது, முறை வைத்துக் காத்திருக்கும் பல குடும்பங்களின் வேலையும் உடன் நின்றுவிடுகிறது.

எஞ்சின் நன்கு ஓடியும் கியர் விழாமை டிராக்டரில் நேரும் குறைகளுள் ஒன்று. இது கண்டவுடன் "கியர் பெட்டி போயிற்று" என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். வேறு சிலர் பலங்கொண்ட மட்டும் லீவரைத் தள்ளிப் பற்சக்கரங்களைச் சிதைத்துக் கொள்கின்றனர். ஆனால் பல வேளைகளில் குறை இருப்பது கியர் பெட்டியிலன்று, கிளட்சிலேயே ஆகும். இதனை உழவரே கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு.

கிளட்சின் பணி

ஓடுகின்ற மாட்டின் கழுத்தில் நுகம் பூட்ட இயலுமோ? கியர் பெட்டியின் நிலையும் அதுவே. எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குச் செல்லாமல் சிறிது நேரம் நிறுத்தப்பட்டால்தான் பல்லோடு பல் அமைதியாகப் பொருந்தும். அவ்வாறு நிறுத்துவது கிளட்ச். பெடலை மிதிக்கும்போது கிளட்ச் பிளேட் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். முழுதும் விடுபடாவிடில் கியர் கரகரவென்று ஒலிக்குமேயன்றி விழாது.

முதற் சோதனை

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, எஞ்சினை நிறுத்துக. பின்னர் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டுப் பார்க்க.

1. எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர், எஞ்சின் ஓடுகையில் விழவில்லையெனில், கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று கொள்க.

2. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லையெனில், முதலில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டியிருக்கலாம். கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்து மீண்டும் முயல்க. அப்போதும் விழாவிடில் லீவர், அதன் இணைப்புகள், பெட்டியினுள் இருக்கும் கவைகள் ஆகியவற்றில் குறை இருக்கக்கூடும். இது மெக்கானிக்கின் வேலை.

3. கியர் விழுந்தும் வண்டி நகரவில்லையெனில், 'ஹை–லோ' லீவர் நியூட்ரலில் நிற்கிறதா என்று முதலில் காண்க. அது சரியாக இருந்து, எஞ்சின் இரைய வண்டி மட்டும் நகராதிருந்தால், கிளட்ச் பிளேட் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ வழுக்குகிறது என்று அறிக.

கிளட்ச் விடுபடாமைக்குக் காரணங்கள்

பெடலைக் கையால் அழுத்தினால் தொடக்கத்தில் சிறிது தூரம் தடையின்றி இறங்கும். இந்த வெற்றசைவு பல டிராக்டர்களில் ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும். தத்தம் வண்டிக்குரிய சரியான அளவைக் கையேட்டில் காண்க. இணைப்பு ஊசிகள் தேய்ந்து இவ்வசைவு மிகுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடாது. இணைப்புத் தண்டின் நட்டைத் திருகி அளவைச் சரிசெய்தாலே பல நேரங்களில் குறை நீங்கிவிடும். அசைவே இல்லாதவாறு இறுக்கிவிடுதலும் தவறு. அதனால் பிளேட் வழுக்கும். பேரிங்கும் விரைவில் தேயும்.

மற்றொரு காரணம் துரு. மழைக்காலம் முழுதும் நின்ற வண்டியில் ஈரத்தால் பிளேட் ஒட்டிக்கொள்வதுண்டு. வண்டியை நெடுநாள் நிறுத்துவதாயின் பெடலை அழுத்திய நிலையில் கொக்கியிட்டு வைத்தல் இதனைத் தடுக்கும். ஒட்டிக்கொண்ட பிளேட்டை விடுவிப்பதைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுக. தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளைக் கம்பியால் இணைத்து எஞ்சினை இயக்குவது உயிருக்கே ஆபத்தாகும். கியரில் இருக்கும் வண்டி அக்கணமே ஆள்மேல் ஏறிவிடும்.

சேற்றுழவு செய்வோர்க்கு மேலும் ஒரு குறிப்பு. பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டின் அடியில் வடிதுளை உண்டு. சேற்றில் இறங்குமுன் அதனை அடைத்தலும், வேலை முடிந்தபின் திறந்து நீரை வடித்தலும் இன்றியமையாதவை. துளையில் எண்ணெய் கசிந்தால் உள்ளே சீல் பழுதடைந்துள்ளது என்பது பொருள். கியர் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, உடனே மாற்றுக.

செலவைக் குறைக்கும் வழி

கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமாயின் பெரும்பாலான டிராக்டர்களை நடுவில் இரண்டாகப் பிரிக்க நேரிடும். கூலியும் நாளும் மிகுதியாகும். ஆதலால் பெடல் அசைவைச் சோதிக்குமுன் வண்டியைப் பிரிக்க ஒப்புதல் அளிக்க வேண்டா. குறை எப்போது தோன்றியது, எஞ்சின் நின்றிருக்கையில் கியர் விழுந்ததா, என்ன ஒலி கேட்டது என்று மெக்கானிக்கிடம் தெளிவாகக் கூறினால் பாதி வேலை முடிந்தது எனலாம். ஓட்டுநரும் கிளட்ச் பெடலைக் கால் வைக்கும் பலகையாகக் கருதாதிருத்தல் வேண்டும்.

ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்கவை

ஊராட்சிக்கோ உழவர் குழுவுக்கோ சொந்தமான டிராக்டருக்கு ஒரு குறிப்பேடு வைத்து, ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், பெடல் அசைவின் அளவு ஆகியவற்றை எழுதி வருதல் நலம். பருவம் தொடங்குமுன் ஒருமுறை சோதித்தல் வேண்டும். ஆர்வமுள்ள இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்புதலும் நன்று. 1955இல் தொடங்கப்பெற்ற மத்தியப் பிரதேசத்துப் புத்னி நிலையமும், ஆந்திர மாநிலம் கார்லதின்னேயில் உள்ள நிலையமும் பண்ணை இயந்திரப் பயிற்சி அளிக்கும் மத்திய அரசு நிறுவனங்களாகும்.

மாட்டின் நடை தளர்ந்தால் லாடத்தை முதலில் பார்த்தவர் நம் முன்னோர். அதே கண்ணோடு இயந்திரத்தையும் பார்க்கப் பழகுவோமாயின் வீண்செலவு குறையும். உழவும் பருவந் தவறாது.