கொற்கையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும் வழியில் தூத்துக்குடியில் ஒரு நாள் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே உப்பையும் புகையையும் விட்டால் பார்க்க என்ன இருக்கிறது என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகத் தங்குங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஊருக்குள் நுழைந்ததும் கடற்கரையைத் தேடாமல், முதலில் கடலே கண்ணில் படாத ஓர் ஊருக்குப் போங்கள்.

ஏரலுக்கு அருகில் இருக்கிறது கொற்கை. வாழைத்தோட்டமும் வயலும் சூழ்ந்த சிற்றூர். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னால் சட்டென்று நம்ப மாட்டார்கள். கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் இவ்வூர் வருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து இங்கே முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. முத்தின் பளபளப்புக்குப் பின்னால் யாருடைய மூச்சு அடங்கியது என்பதற்கு இத்தனை பழைய சாட்சி கிடைப்பது அரிது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. நீங்கள் பார்க்கப்போவது ஒரு பழைய வன்னி மரத்தையும், கோயிலையும், குளத்தையும்தான். அவசரப்படாமல் சற்று நேரம் அங்கே இருங்கள்.

கடலைத் தள்ளிவிட்டது தாமிரபரணி. ஆற்று வண்டல் முகத்துவாரத்தில் படியப் படிய நிலம் கிழக்கே வளர்ந்தது. கப்பல் வர வழியில்லாமல் கொற்கை ஓய்ந்தபோது வணிகம் கடலுக்கு நெருக்கமாகப் பழையகாயலுக்கு இடம் மாறியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதிய காயல் இது. அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய மன்னருக்காகக் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கின. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே மண்ணைக் கிளறியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பிறகு இந்தத் துறையையும் வண்டல் மூடியது. இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு ஓடியதை நாம் பார்த்தோம். இந்தக் கரையின் வடிவத்தை எழுதும் உரிமையை அந்த ஆறு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது தூத்துக்குடிக்கு வாருங்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகள் அலையைத் தடுத்துக் கொடுத்த இடம் இது. 1530களில் போர்த்துகீசியர் காலூன்றினார்கள். முத்துக்குளித்துறையின் பரதவர்கள் அந்த ஆண்டுகளில் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். பனிமய மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது. இப்போதுள்ள ஆலயம் 1713இல் எழுந்தது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நாட்களில் போக முடிந்தால், சாதி மத வேறுபாடில்லாமல் ஊரே திரண்டு நிற்பதைப் பார்க்கலாம். தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடாது, அரிதாகச் சில ஆண்டுகளில்தான் வடம் பிடிப்பார்கள்.

1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனது. 1750இல் அவர்கள் கட்டிய திரித்துவ ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. 1825இல் ஊர் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. கரிசல் காட்டுப் பருத்தியெல்லாம் இங்கே வந்து கப்பல் ஏறியது. கிரேட் காட்டன் ரோடு என்ற தெருப்பெயர் அந்தக் காலத்து மிச்சம். 1876இல் ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினார்கள். ஆழம் போதாததால் நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள்.

இந்தக் கொழும்பு வழியில்தான் வ.உ.சி. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியோடு மோதினார். பாடப்புத்தகம் சொல்லும் நாலு வரியோடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியபோது அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணை நின்றார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12ஆம் தேதி கைதானார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். 1936இல் இதே தூத்துக்குடியில் காலமானார். கப்பல் ஓட்டுவது என்றால் பணம் திரட்டுவது, கட்டணப் போட்டியைத் தாங்குவது, கூலிக்காரரின் பக்கம் நிற்பது என எல்லாமும் சேர்ந்ததுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அங்கும் போய் வாருங்கள்.

மாலையில் பழைய துறைமுகப் பக்கம் போங்கள். காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள் ஏற்றிக்கொண்டு தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குப் போகின்றன. பாய்க்குத் துணையாக இயந்திரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அவை கரையிலேயே கிடக்கும். தோணிக்காரர்களின் உலகை ஆழமாக அறிய விரும்பினால் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலைப் படித்துவிட்டுப் போங்கள். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல்.

புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டி, அலைதடுப்புச் சுவர் எழுப்பி, ஆழத்தை மனிதரே உண்டாக்கிய இடம். தாமிரபரணிக்கு விட்டுக்கொடுத்துக் கொடுத்து நகர்ந்து வந்த துறை, முடிவில் கடலுக்குள்ளேயே தனக்கு இடம் பிடித்துக்கொண்டது. கொற்கையை முதலில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அதைப் பார்க்காதவருக்கு இது வெறும் கிரேனும் கன்டெய்னரும். பார்த்தவருக்கு, இடம் மாறி மாறி வந்த ஒரே துறைமுகத்தின் கடைசி நிறுத்தம்.

மறுநாள் விடியலில் உப்பளத்துக்குப் போங்கள். மழைக்காலத்தில் பாத்திகளில் வேலை இருக்காது, அதனால் பிப்ரவரிக்குப் பிறகு பயணம் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறினால் அந்த வெண்மையில் கண் திறக்க முடியாது. அந்தக் கூச்சத்திலும் உப்புநீரிலும் பெண்கள் நாள் முழுக்க வாருகிறார்கள், சுமக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள், பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும்போது மக்ரூன் வாங்குங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பண்டம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மொறுமொறுப்பு குறையாது. பவளத்துண்டு யாராவது விற்றால் மட்டும் வாங்காதீர்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் இந்தக் கரையின் தீவுகள் கரைந்தன. விலாங்குசல்லித் தீவு மூழ்கியே போய்விட்டது. வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலடியில் இறக்கியிருக்கிறார்கள். இந்த ஊருக்குத் துறைமுகம் வாய்த்ததே அந்தத் தீவுகள் அலையைத் தாங்கியதால்தான். விருந்தாளியாகப் போகிற நாமும் அதை மறக்கக் கூடாது.

இரண்டு நாள் இப்படிச் சுற்றினால் மூன்றாம் நாள் காலை திருச்செந்தூரில் இருக்கலாம். உங்கள் உறவினர்களுக்கான பதிலை நான் சொல்வதைவிட, போய்வந்த பிறகு உங்கள் பிள்ளைகளே சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்