பழைய கணினிக்கு ஓர் இலகு லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் தேவை. இதற்கு ஈடுகொடுக்க முடியாத கணினி கெட்டுப்போன கணினி அன்று. இயங்குதளத்தை மாற்றினால் அது மீண்டும் உழைக்கும். பழைய விளையாட்டுகளையும் இயக்கும்.

வழங்கல் என்பது என்ன?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் ஒரு 'கெர்னல்' மட்டுமே. செயலி, நினைவகம், விசைப்பலகை ஆகியவற்றை மென்பொருள்களுடன் இணைப்பது அதன் வேலை. கெர்னலோடு தேவையான மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பே 'வழங்கல்'. இதன் மூலநிரல் திறந்திருப்பதால் எவரும் சேர்க்கலாம், நீக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் எனும் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏற்ற 'பாஸ்' லினக்ஸை 2007-இல் வெளியிட்டது.

ஏன் இலகுவாக இருக்க வேண்டும்?

மஸ்ஜித் இந்தியா பகுதியின் சனிக்கிழமை இரவுச் சந்தையில் ஒரு மேசை அளவே இடம் உள்ள வணிகர், விற்கும் பொருளை மட்டுமே எடுத்து வருவார். இலகு லினக்ஸும் அப்படித்தான். டைனி கோர் எனும் வழங்கல், திரைச் சாளரங்களோடு சேர்த்தே ஏறத்தாழ 23 மெகாபைட்தான்!

இடம் மட்டுமல்ல, நேரமும் மிச்சமாகிறது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ ஃபேமிலி கம்ப்யூட்டரின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 17 இலட்சத்து 90 ஆயிரம் முறை துடித்தது. திரையில் நொடிக்கு 60 படங்கள் தோன்றின. எனவே ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60 = 16.7 மில்லிநொடி.

அந்தச் செயலியைப் போலவே நடித்துக்காட்டும் மென்பொருள் 'எமுலேட்டர்'. பழைய கட்டளை ஒன்றைச் செய்ய, அது நம் கணினியில் பல கட்டளைகளைச் செய்ய வேண்டும். 1 ஜிகாஹெர்ட்ஸ் கணினியில் ஒரு பழைய துடிப்புக்கு ஏறத்தாழ 560 துடிப்புகள் கிடைக்கும். பின்னணியில் தேவையற்ற மென்பொருள்கள் ஓடினால் இந்தப் பங்கு குறையும். படம் 16.7 மில்லிநொடிக்குள் தயாராகாவிட்டால் விளையாட்டு திக்கித் திணறும்.

உருவாக்கும் முறை

1. கணினியிலுள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் சேமியுங்கள். பெற்றோரின் அனுமதி அவசியம்.
2. 64 பிட் கணினியாக இருந்தால், டெபியனின் சிறிய நிறுவல் கோப்பை விரலியில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள்.
3. நிறுவும்போது மேசைத்தளம் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். இலகுவாக்கும் படி இதுவே.
4. பிறகு ஓப்பன்பாக்ஸ் சாளர மேலாளரையும் ரெட்ரோஆர்ச் மென்பொருளையும் சேருங்கள்.

இதையே ஆயத்தமாகத் தரும் வழங்கல்களும் உள்ளன. லக்கா, பட்டோசெரா ஆகியவை அவற்றுள் இரண்டு.

ஒன்றை மறவாதீர்கள். எமுலேட்டர் இலவசம் என்பதால் விளையாட்டுகளும் இலவசம் ஆகிவிடா. பழைய விளையாட்டுகளுக்கும் பதிப்புரிமை உண்டு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆர்வலர்கள் தாமே உருவாக்கி இலவசமாக வழங்கும் விளையாட்டுகளைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: சூப்பர் நிண்டெண்டோவின் செயலி நொடிக்கு அதிகபட்சம் 35 இலட்சத்து 80 ஆயிரம் முறை துடித்தது. அதே 1 ஜிகாஹெர்ட்ஸ் கணினியில் ஒரு பழைய துடிப்புக்கு எத்தனை துடிப்புகள் கிடைக்கும்? வீட்டிலுள்ள பழைய கணினியின் வேகத்தை வைத்தும் கணக்கிடுங்கள்.