பஞ்சத்தின் நினைவும் விழாவின் உரிமையும்: கான்ஸ்டாட் மக்கள் விழா

முன்னுரை

நாட்டார் விழாக்களின் வேர்களைத் தொல்பழஞ் சடங்குகளில் தேடுவது வழக்காற்றியல் ஆய்வில் நெடுங்காலமாக நிலவிவரும் போக்காகும். ஆயினும், தோன்றிய நாளும் தோற்றுவித்தவர் பெயரும் தெளிவாகப் பதிவான விழாக்களும் உள்ளன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை நடைபெறும் கான்ஸ்டாட் மக்கள் விழா அத்தகையது. அரசன் தொடங்கிய விழா எவ்வாறு மக்களுடையதாயிற்று என்பதை, அதன் குறியீடாகிய விளைபொருள் தூணை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சப் பின்னணி

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரவிய கந்தகத் துகள்கள் கதிரொளியை மறைத்தன. அதனால் 1816, ஐரோப்பாவில் 'கோடையில்லா ஆண்டு' எனப் பெயர்பெற்றது. நெப்போலியப் போர்களால் முன்னரே நலிந்திருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டில் குளிரும் ஓயாத மழையும் பயிர்களை அழித்தன. பஞ்சம் தாங்காது மக்கள் பலர் உருசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தனர்.

1817 கோடையில் விளைச்சல் மீண்டபோது, தென்ஜெர்மானிய ஊர்கள் பலவற்றில் முதல் அறுவடை வண்டிகளை மக்கள் திரண்டு வரவேற்றனர். அரச விழாவுக்கு ஓராண்டு முற்பட்ட இவ்வரவேற்பு இங்குக் கருதத்தக்கது.

விழாவின் தோற்றம்

1816 அக்டோபரில் அரியணையேறிய முதலாம் வில்ஹெல்ம் வேளாண் சீர்திருத்தத்தில் நாட்டம் செலுத்தினார். உருசியப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டரின் தங்கையான அரசி கத்தரீனா, வறியோர்க்கான அறப்பணிகளை ஒருங்கிணைத்தார். 1818இல் சேமிப்பு வங்கியொன்றையும் நிறுவினார். அதே ஆண்டில் ஹோஹன்ஹைமில் வேளாண் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகம்.

இம்முயற்சிகளின் வரிசையில் எழுந்ததே இவ்விழா. அரசர் பிறந்தநாளுக்கு மறுநாளான 1818 செப்டம்பர் 28 அன்று, நெக்கார் ஆற்றங்கரை வெளியில் அது முதன்முறையாக நடைபெற்றது. சிறந்த கால்நடைகளுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. குதிரைப் பந்தயமும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் இது வேளாண் விழாவாகவே அமைந்தது. உழவரை நல்ல கால்நடை வளர்ப்பில் ஊக்குவிப்பதே பரிசுகளின் நோக்கம்.

தூணின் பொருள் மாற்றம்

கட்டடக் கலைஞர் நிக்கோலாஸ் தூரே வடிவமைத்த விளைபொருள் தூண், தானியக் கதிர்களாலும் காய்கனிகளாலும் அணிசெய்யப்பட்டு விழாக்களத்தின் நடுவே நின்றது. பசியை அறிந்த மக்கள் முன் அது மீண்டு வந்த விளைச்சலின் காட்சியாக விளங்கியது. 1918இல் முடியாட்சி வீழ்ந்தபின், அத்தூண் மன்னராட்சியின் எச்சமாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டது. 1935இல், நாஜி ஆட்சிக் காலத்தில், மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அது ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரே குறியீட்டை ஒவ்வொரு ஆட்சியும் தனக்கேற்பப் பொருள்கொண்டதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

கடல் கடந்த வழக்கு

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குடியேறிய வூர்ட்டம்பெர்க் மக்கள் 1873இல் இவ்விழாவின் பெயரிலேயே ஒரு சங்கம் அமைத்து, அங்கும் விழாவை நடத்தினர். விளைபொருள் தூணையும் எழுப்பினர். அங்கு அவர்களைப் பணிக்க வூர்ட்டம்பெர்க் அரசன் இல்லை. ஆணையிடுவோர் இல்லாத இடத்திலும் விழா தொடர்ந்தமையே அது மக்கள் வழக்காகிவிட்டதற்குத் தக்க சான்றாகும்.

முடிவுரை

எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல் 1983இல் முன்வைத்த 'புனையப்பட்ட மரபு' என்னும் கருத்தாக்கம், கான்ஸ்டாட் விழாவின் தொடக்கத்தை விளக்கும்; அதன் நிலைபேற்றை முழுமையாக விளக்காது. அறுவடை வண்டியை எதிர்கொண்ட மக்களின் மகிழ்வு முன்னரே இருந்தது. அரசு அதற்கு நாளும் களமும் வகுத்தது. இன்று பீர்க் கூடாரங்களும் இராட்டினங்களும் களத்தை நிறைத்தாலும், நடுவே நிற்கும் தூண் பசியின் வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. எனவே, ஒரு விழாவை நாட்டார் விழா எனத் தீர்மானிக்கையில், அதனைத் தொடங்கியவர் யார் என்பதோடு, அதனை எவர் எக்காரணத்தால் தொடர்ந்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.